வளவுக்கு ஒரு வைஃபை

அன்பு மகளுக்கு,



புது வீட்டுக்கு எந்த ரவுட்டர் வாங்குவது என்று கேட்டு நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு தரம் கேட்டேன். கடைசியில் போகிறபோக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தாய். ராத்தா வீட்டுக்கும் பெரியம்மா வீட்டுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் மூன்று வீட்டுக்கும் ஒரே செலவோடு போய்விடும் என்று. என்னை உட்கார்ந்து எழுத வைத்தது அந்தக் கடைசி வார்த்தைதான்.

நம்முடைய பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மூத்தவளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டு உம்மா பின்வளவில் ஒன்றைக் கட்டிக்கொண்டு போவாள். இளையவளுக்கு அதன் பக்கத்திலேயே இன்னொன்று எழும்பும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவிலே ஒரு துண்டு நிலம். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நாம் இப்படித்தான் சுவரோடு சுவர் ஒட்டிக் கிடக்கிறோம். ராத்தா வீட்டில் மீன் பொரித்தால் உன் வீட்டு அறைக்குள் மணக்கும். வைஃபை அலையும் அப்படித்தான், மதிலைப் பார்த்து நிற்காது. கிணற்றையும் அம்மியையும் பகிர்ந்து வாழ்ந்த வளவில் இணையத்தை மட்டும் பூட்டி வை என்று நான் சொல்லமாட்டேன். எப்படிப் பகிர்வது என்பதில்தான் எனக்குக் கவலை.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சிம் போடும் 4ஜி ரவுட்டர்தான் எங்களுடையது. முப்பது நாள் வரவேண்டிய டேட்டா பன்னிரண்டாம் நாளே தீர்ந்தது. கம்பனியைத்தான் முதலில் ஏசினேன். பிறகு ஒருநாள் இஷாவுக்குப் பிறகு கணினியில் 192.168.1.1 என்று அடித்து ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து, யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். பத்தொன்பது கருவிகள். அதில் எங்களுடையவை ஆறு. மற்றப் பதின்மூன்றும் எனக்குத் தெரியாத போன்களின் பெயர்கள். யாரும் களவெடுக்கவில்லை. மகன் மச்சானுக்குக் கொடுத்தான், மச்சான் டியூஷன் கூட்டாளிக்கு, அவன் தன் காக்காவுக்கு. ‘ஒரு பாஸ்வேர்ட்தானே, குடுத்தா என்னகா?’ என்று உன் மாமியும் ஒழுங்கை முழுக்கக் கொடுத்திருந்தாள்.

டேட்டா போனதைத் தாங்கலாம். ஆனால் இணைப்பு யாருடைய அடையாள அட்டையில் எடுக்கப்பட்டதோ, அதில் நடக்கிற எல்லாவற்றுக்கும் முதலில் கேட்கப்படுகிற ஆள் அவர்தான். உன் வைஃபையில் இருந்துகொண்டு யாரோ ஒரு பிள்ளை போலிக் கணக்கில் ஒருவரை மிரட்டினால், விசாரணை கம்பனியின் பதிவேடு வழியாக உன் படலையடிக்குத்தான் வரும். 2019 ஏப்ரல் 26 சாய்ந்தமருதில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்கும் குண்டுவெடிப்புக்கும் பிறகு கல்முனை, சவளக்கடை, சம்மாந்துறைப் பொலிஸ் பிரிவுகளில் ஊரடங்கு போட்ட நாட்கள் உனக்கு நினைவிருக்கும். ஒன்றும் அறியாதவர்களும் அலுமாரியைத் திறந்து காட்டிக்கொண்டு நின்ற காலம் அது. பயமுறுத்தச் சொல்லவில்லை. உன் மாப்பிள்ளை கட்டாரில், நீ பிள்ளையோடு தனியே. உன் பெயரில் இருக்கிற வாசலுக்கு யார் யாரிடம் சாவி இருக்கிறது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ரவுட்டர். உன் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்திருந்தால் யோசிக்காமல் அதை எடு. பெட்டியைக் கம்பனியே தரும். ஃபைபர் கண்ணாடி இழை, இடி மின்னலை வீட்டுக்குள் கடத்தாது. ஆனால் பெட்டியின் கரண்ட் வயர் கடத்தும். ஐப்பசி, கார்த்திகை மின்னல் நாட்களில் பிளக்கைக் கழற்றிவிடு. ஃபைபர் வரவில்லையென்றால் 4ஜி. அப்போது கல்முனை பசாரில் மலிவாகக் கிடைக்கிற பாவித்த பெட்டிகளில் கவனம். வாங்க முன் அடியிலுள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் பார்த்து, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அது பதிவானதா என்று பதில் வரும். ஒரு கம்பனியின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்ட பெட்டியா என்றும் கேள்.

எத்தனை அன்டெனாக் கொம்பு நிற்கிறது என்று எண்ணாதே. மூன்றைப் பார். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டும் இருக்க வேண்டும். முதலாவது மெதுவானது, ஆனால் சுவர் தாண்டும். மற்றது வேகமானது, இரண்டு சுவரில் களைத்துவிடும். அடுத்தது பூட்டு: டபிள்யூபிஏ3 இருந்தால் நல்லது, குறைந்தது டபிள்யூபிஏ2. டபிள்யூஈபி என்ற பழைய பூட்டு 2001 இலேயே உடைந்தது, அது மட்டுமுள்ள பெட்டியை இனாமாகத் தந்தாலும் வேண்டாம். மூன்றாவது, செய்த கம்பனி இன்னும் அந்த மாடலுக்கு மென்பொருள் திருத்தம் வெளியிடுகிறதா என்பது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், மாடல் எண்ணை எழுதி எனக்கு அனுப்பு.

டிவிக்குப் பின்னாலோ, கண்ணாடி பதித்த அலுமாரிக்குப் பக்கத்திலோ வைக்காதே. கண்ணாடியின் பின்பூச்சு உலோகம், அலையைத் திருப்பி அடிக்கும். நடு அறையில், ஆள் உயரத்துக்கு மேலே, கடல் காற்று நேரே அடிக்காத பக்கம் வை. உப்பு நம்மூரில் கேற் பிணைச்சலையே தின்னும்.

பூட்டும் வேலைக்கு வருகிறேன். இதற்கு ஒரு மணித்தியாலம் போதும், ஆனால் நம் வீடுகளில் யாரும் செய்வதில்லை. ரவுட்டருக்குச் சாவி இரண்டு. ஒன்று வைஃபைக்குள் வர. மற்றது ரவுட்டரின் உள்பக்கத்துக்குள் போய் அதன் புத்தியையே மாற்ற. இரண்டாவது, பெரும்பாலும் கடையில் வந்தபடி ‘அட்மின்’ என்றே கிடக்கும். 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகம் முழுக்க கமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது இப்படிப்பட்ட அறுபத்துச் சொச்சம் ஆலைப் பாஸ்வேர்ட்களை வைத்துத்தான். பிரேசிலில் 2011 அளவில் இன்னொன்று நடந்தது. 45 இலட்சம் மோடம்களுக்குள் புகுந்து, முகவரி தேடும் அமைப்பை மட்டும் மாற்றி வைத்தார்கள். சனம் தங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத்தான் அடித்தது, திறந்ததோ போலிப் பக்கம். மாப்பிள்ளை அனுப்பும் காசை நீ போனில்தானே பார்க்கிறாய்? அதனால் முதல் வேலையாக அந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்று. வெளியூரிலிருந்து ரவுட்டரைத் திறக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடு. மென்பொருள் திருத்தம் தானாக ஏறும்படி வை.

அடுத்தது வைஃபை பாஸ்வேர்ட். நம்மூரில் பாதிப்பேர் வைத்திருப்பது கைபேசி எண். ஏன் கூடாது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 077, 076, 071 என்று இலங்கையில் இருக்கிற முன்னெண்கள் எட்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஏழு இலக்கம், அதாவது ஒரு கோடி எண்கள். மொத்தம் எட்டுக் கோடி. பூட்டு டபிள்யூபிஏ2 என்றால், ஒருவன் உன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, உன் போன் வைஃபையோடு கைகுலுக்கும் அந்த நொடியைப் பதிந்துகொண்டு போனால் போதும். வீட்டில் வைத்து, கேம் விளையாடும் நல்ல கணினி ஒன்றில் அந்த எட்டுக் கோடியையும் சில நிமிடங்களில் பரீட்சித்துவிடுவான். பிள்ளையின் பெயரும் பிறந்த வருடமும், பிஸ்மில்லாவும் 786 உம், ரமழானும் நடப்பு வருடமும் அதைவிட முதலில் பரீட்சிக்கப்படுபவை.

63 எழுத்து வரை இடம் இருக்கிறது, பயன்படுத்து. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நம்மூர்ச் சொற்கள் ஐந்தை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுது. தறி, சுளகு, புளியாணம், வள்ளம், கச்சான் என்பது போல. சொல்லும்போது பிள்ளைக்குக்கூட நினைவிருக்கும், கணினிக்குக் கண்டுபிடிக்கக் காலம் காணாது. இதே ஐந்தை வைத்துவிடாதே, இவை இப்போது இந்தக் கடிதத்தில் கிடக்கின்றன. ஏதாவது ஒரு புத்தகத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் விழுந்த சொற்களை எடு. டபிள்யூபிஎஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதையும் உள்பக்கத்தில் அணை. அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகப் பிரித்துச் சரிபார்ப்பதால் பதினோராயிரம் தடவை முயன்றாலே திறந்துவிடலாம் என்று 2011 டிசம்பரில் வெளிவந்தது.

இனி ராத்தா. உன் பாஸ்வேர்டை அவளுக்கும் கொடுக்காதே. கோபிப்பாள் என்று பயப்படாதே, அவளுக்கு அதைவிட நல்லதைக் கொடுக்கலாம். உன் ரவுட்டரிலிருந்து ஒரு நெட்வேர்க் கேபிளை மண்ணுக்குள் பைப் போட்டு அவள் வீட்டுக்கு இழுத்து, அங்கே ஒரு மலிவான ரவுட்டரை வைப்போம். நூறு மீற்றர் வரை கேபிளில் வேகம் குறையாது. நடுவில் பிளக்கில் செருகும் ரிப்பீட்டர் பெரும்பாலும் வேகத்தைப் பாதியாக்கும். அவள் வைஃபைக்கு அவள் பெயர், அவள் சாவி. மருமக்களின் கூட்டாளிமார் வந்து கேட்டால் அவள்தான் பதில் சொல்லவேண்டும், மாற்றுவதும் அவள் கை. மாதக் காசில் பாதியையும் அவளிடமே கேள், கணக்கு ஒழுங்காக இருந்தால் உறவும் ஒழுங்காக இருக்கும். பெரியம்மாவுக்கும் வருகிற போகிறவர்களுக்கும் ‘கெஸ்ட்’ என்று தனி வைஃபை ஒன்று ரவுட்டரிலேயே உண்டு. அதில் வருபவர் இணையம் பார்க்கலாம், உன் போன்களையும் கணினியையும் தொடமுடியாது. மாப்பிள்ளை கட்டாரிலிருந்து பார்க்கிற வாசல் கமராவையும் அதிலேயே போடு. கெஸ்ட் பாஸ்வேர்டை ஒவ்வொரு பெருநாள் முடிந்தும் மாற்றி, பெரியம்மாவின் போனிலும் கமராவிலும் மட்டும் புதியதைப் போடு. விருந்துக்கு வந்தவர்களின் போன்கள் தாமாகக் கழன்றுவிடும், யாரிடமும் முகம் முறிக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு வருகிறேன். அதற்குள் உன் நடு அறையிலிருந்து ராத்தாவின் குசினிச் சுவர் வரை, வளைந்து போகிற வழியோடு சேர்த்து அளந்து சொல். கேபிளையும் பைப்பையும் வரும் வழியில் பசாரிலேயே வெட்டி வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். சுவரில் துளை போட அவளிடம் முதலில் கேட்டுவிடு.

வஸ்ஸலாம்,
உன் மாமா