ஒளியை இரட்டிக்கும் படிகங்கள்

உப்புக் கரைசலை ஆவியாக விட்டால் படிகம் கிடைக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. புரதங்களையும் படிகமாக்கலாம், ஆனால் அவை எளிதில் இசைவதில்லை. ஒரே புரதத்தை நூற்றுக்கணக்கான கரைசல்களோடு சிறு துளிகளாகக் கலந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். ஏதேனும் ஒரு துளியில் படிகம் தோன்றினால், அதில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, புரத மூலக்கூறில் எந்த அணு எங்கே உள்ளது என்று கணக்கிடலாம். புதிய மருந்துகளை வடிவமைப்போருக்கு இது மிகவும் தேவை.

செல் சவ்வில் உள்ள புரதங்கள் பல, பற்பசை போன்ற கொழுப்புக் கலவையில்தான் படிகமாகின்றன. அந்தக் கலங்கலில், சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள படிகத்தைச் சாதாரண நுண்ணோக்கியால் காண்பது கடினம். படிகம் இருந்தும் 'இல்லை' என்று குறித்துவிட்டால் பல மாத உழைப்பு வீண்.

இங்கேதான் இயற்பியல் கைகொடுக்கிறது. 1961-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய குழுவினரும், 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தினர். 347 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி மிகச் சிறிதளவு வெளிவந்தது. அலைநீளம் பாதி, அதாவது அதிர்வெண் இருமடங்கு! அதைக் காட்டிய புகைப்படப் புள்ளி, ஆய்விதழில் அச்சாகும்போது அழுக்கு என்று கருதி நீக்கப்பட்டுவிட்டது. அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைச் சுட்டி நிற்கிறது!

இது எப்படி நிகழ்கிறது? ஒளியின் மின்புலம் எலக்ட்ரான்களை இடமும் வலமும் அசைக்கிறது. வலிமையான ஒளியில், எலக்ட்ரானின் அசைவில் மின்புலத்தின் வர்க்கத்தைச் சார்ந்த பகுதி ஒன்றும் சேர்ந்துகொள்ளும். சைன் சார்பை வர்க்கப்படுத்தினால் இருமடங்குக் கோணத்தின் கொசைன் வரும் என்பதைத் திரிகோணமிதியில் படித்திருப்பீர்கள். அந்த 'இருமடங்கு'தான் புதிய ஒளி.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. படிகத்துக்குச் சமச்சீர் மையம் இருக்கக் கூடாது. அந்த மையம் இருந்தால் எலக்ட்ரான் இருபுறமும் ஒரே மாதிரி அசையும். வர்க்கப் பகுதி மறைந்துவிடும். சாதாரண உப்பு அத்தகையது, எனவே இரட்டிக்காது. சர்க்கரைப் படிகம் இரட்டிக்கும். புரதங்களோ இடக்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை. இடக்கால் செருப்புகளை மட்டும் வைத்து எப்படி அடுக்கினாலும், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வலக்கால் செருப்பு வருமா? வராது. ஆகவே இயற்கையான புரதப் படிகம் எதற்கும் சமச்சீர் மையம் கிடையாது.

கரைசலில் தாறுமாறாகத் திரும்பியிருக்கும் புரத மூலக்கூறுகளின் இரட்டித்த அலைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. படிகத்தில் அவை ஒன்றுகூடி வலுப்பெறுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, பாதி அலைநீளமுள்ள பச்சை ஒளியை மட்டும் பதிவு செய்தால், இருண்ட பின்னணியில் படிகம் தனித்து ஒளிரும். 1974-லேயே ஹெல்வார்த், கிறிஸ்டென்சன் இருவரும் துத்தநாக செலினைடின் நுண்படிகங்களை இம்முறையில் ஆராய்ந்தனர். 2008-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் கார்த் சிம்ப்சனின் குழு இதைப் புரதப் படிகங்களைத் தேடப் பயன்படுத்தியது.

இவ்வளவு வலிமையான ஒளி படிகத்தைப் பொசுக்கிவிடாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். லேசரின் சராசரித் திறன் 0.1 வாட், விநாடிக்கு 8 கோடி துடிப்புகள், ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரமே நீடிக்கிறது என்று கொள்வோம். துடிப்பின்போது திறன் 12,500 வாட்! ஆனால் இடைவேளைகள் மிக நீண்டவை. எனவே மொத்த வெப்பம் குறைவு.

இருப்பினும் இருட்டு என்றால் படிகமே இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. உயர்ந்த சமச்சீர்மை கொண்ட சில புரதப் படிகங்கள் மிக மங்கலாகவே ஒளிர்கின்றன. சமச்சீர் மையமில்லாத உப்புப் படிகமோ நன்றாக ஒளிர்ந்து ஏமாற்றும். அதனால் அதே துளியில் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தின் ஒளிர்வையும் தேடுகிறார்கள். புரதங்கள் பெரும்பாலானவற்றில் அது உண்டு, உப்பில் இல்லை.