அணைக்கட்டில் இறங்கும் முன்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கை லாலாங், பீடோங் பக்கத்தில் விடுமுறைக்குக் குளிக்கப் போகும் ஆறுகள் பல குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்குபவை. கீழே வெயில் அடித்தாலும் மலையில் மழை கொட்டினால் சில நிமிடங்களில் வெள்ளம் வந்துவிடும். 18.8.2021 அன்று அதே மலையடியிலுள்ள யான் வட்டாரத்தில் அப்படித்தான் உயிர்கள் போயின. தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ சாமான்களை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள்.

ஆற்றின் குறுக்கே இருப்பது சின்ன அணைதானே என்று அதன் அடியில் பிள்ளைகளை விடாதீர்கள். விழும் நீர் சுழன்று, நன்றாக நீந்துபவரையும் சுவரை நோக்கியே இழுக்கும். யாராவது சிக்கினால் குதிக்காமல் கயிறோ, மூடிய காலி டின்னோ வீசுங்கள், 999ஐ அழையுங்கள்.

மிச்சச் சோற்றைக் கரையில் கொட்டினால் எலி வரும். எலிச் சிறுநீர் கலந்த நீரால் உயிரைப் பறிக்கும் காய்ச்சலும் வரலாம். குப்பையை வீட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.