ஆடிட்டர் அலுவலகக் கணினியில் கடவுச்சொற்களை எங்கே வைப்பது?

ஓர் ஆடிட்டர் அலுவலகம் ஒரே ஒரு க்ளையன்டுக்காக நான்கைந்து கடவுச்சொற்களைக் கையில் வைத்திருக்கிறது. வருமான வரித் தளம், ஜிஎஸ்டி, இ-வே பில், டிடிஎஸ் பார்க்கும் டிரேசஸ், வருங்கால வைப்பு நிதி என்று தளத்துக்கு ஒன்று. நூறு க்ளையன்ட் உள்ள சிறிய அலுவலகத்திலேயே எண்ணிக்கை ஐநூறைத் தொட்டுவிடும். பல இடங்களில் இவை எல்லாம் ஒரே எக்செல் கோப்பில், எல்லாரும் திறக்கும் பொது ஃபோல்டரில் கிடக்கின்றன. ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர்கள் வருகிறார்கள், முடித்துப் போகிறார்கள். கணக்கு எழுதுபவர் வேலை மாறுகிறார். கடவுச்சொற்கள் மட்டும் மாறுவதில்லை.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன், யாரிடமிருந்து காக்க வேண்டும் என்பது தெளிவாக வேண்டும். ஆபத்து மூன்று பக்கங்களிலிருந்து வருகிறது. முதலாவது, அலுவலகத்துக்கு உள்ளேயே இருப்பவர் அல்லது அங்கிருந்து விலகியவர். இரண்டாவது, லேப்டாப்பையோ ஹார்ட் டிஸ்க்கையோ தூக்கிக்கொண்டு போகிறவர். மூன்றாவது, மின்னஞ்சல் வழியாக நுழையும் தீநிரல். இந்த மூன்றையும் ஒருசேரத் தடுக்கும் கருவி எதுவும் இல்லை. ஒன்றைத் தடுப்பது மற்றொன்றுக்கு வழிவிடுவதால்தான், விலை கொடுத்து மென்பொருள் வாங்கிய அலுவலகங்களிலும் தகவல் கசிகிறது.

பூட்டிய இழுப்பறையில் இருக்கும் நோட்டுப் புத்தகம் ஏளனத்துக்குரியதல்ல. இணையத்தின் வழியே வருபவரால் அதைத் தொட முடியாது. தனி ஒருவராகத் தொழில் செய்து, இருபது முப்பது கடவுச்சொற்களை மட்டும் கையாள்பவருக்கு அது போதும். இரண்டாவது ஆள் அந்த நோட்டைப் புரட்டத் தொடங்கும் நாளில் அதன் பயன் முடிந்துவிடுகிறது.

எக்செல் கோப்பில் இரண்டு விதமான பூட்டு உண்டு. இரண்டும் ஒன்றென்று நினைப்பதுதான் பெரிய பிழை. ஷீட்டைப் பாதுகாக்கும் வசதி செல்களைத் தவறுதலாக மாற்றிவிடாமல் இருப்பதற்காக ஏற்பட்டது. அது எதையும் மறையாக்கம் செய்வதில்லை. சில நிமிடங்களில் நீக்கிவிடலாம். கோப்பைத் திறக்கும்போதே கேட்கும் கடவுச்சொல் வேறு வகை. 2007 பதிப்பு முதல் அது ஏஇஎஸ் முறையில் கோப்பு முழுவதையும் மறையாக்குகிறது. நீளமான சொல் வைத்தால் உடைப்பது கடினம். பழைய எக்எல்எஸ் வடிவத்தில் சேமித்த கோப்புக்கு இந்த வலு கிடையாது. ஆனால் எந்த வடிவமானாலும், திறந்தவருக்கு எல்லா வரிகளும் தெரியும். ஒரு க்ளையன்டின் வேலைக்காகத் திறப்பவர் நூறு பேரின் கடவுச்சொற்களையும் பார்க்கிறார். பென் டிரைவில் நகலெடுத்தால் தடயமும் இல்லை. உள்ளிருந்து வரும் ஆபத்துக்கு எக்செல் பதில் ஆகாது.

குரோம் போன்ற பிரவுசரில் சேமிப்பது எல்லாவற்றையும்விட எளிது. விண்டோஸில் அந்தச் சேமிப்பு, கணினியில் நுழைந்திருக்கும் பயனர் கணக்கோடு பிணைக்கப்பட்டது. ஆகவே ஐந்து பேரும் ஒரே விண்டோஸ் கணக்கில் உட்காரும் அலுவலகத்தில் அது ஐந்து பேருக்கும் பொது. ரெட்லைன் போன்ற திருட்டு நிரல்கள் முதலில் துழாவுவதும் பிரவுசரைத்தான். ரெட்லைனின் வலையமைப்பை 2024 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறையின் தலைமையில் பல நாடுகள் சேர்ந்து முடக்கின. அதே ஆண்டு ஜூலையில் வந்த குரோம் 127ஆம் பதிப்பு, வேறு நிரல்கள் திருடுவதைக் கடினமாக்கும் கூடுதல் மறையாக்கத்தைக் குக்கீகளுக்குத் தொடங்கியது. இதைவிடக் கவலைக்குரியது, அதிகம் கவனிக்கப்படாதது: ஊழியர் தன் சொந்த ஜிமெயில் கணக்கைக் குரோமில் இணைத்து ஒத்திசைவை இயக்கியிருந்தால், அலுவலகக் கணினியில் சேமித்த கடவுச்சொற்கள் அவர் வீட்டுக் கணினிக்கும் கைப்பேசிக்கும் போய்ச் சேரும். அவர் எந்தத் தப்பும் நினைக்காமலே இது நடக்கிறது. பலர் பயன்படுத்தும் கணினியில் பிரவுசர் சேமிப்பை அணைத்துவைப்பதே சரி.

மிஞ்சுவது பாஸ்வேர்டு மேனேஜர். இதிலும் தேர்வு உண்டு. 2003இல் டொமினிக் ரைக்ல் வெளியிட்ட கீபாஸ் இலவசம். மறையாக்கிய கோப்பு அலுவலகக் கணினியிலேயே இருக்கும், இணையம் தேவையில்லை. தனி ஆளுக்கும் இருவர் கூட்டாளிகளாக உள்ள இடத்துக்கும் அதைவிட நல்லது தேவையில்லை. பத்துப் பேர் ஒரே கோப்பை ஒரே முதன்மைக் கடவுச்சொல்லால் திறந்தால், வலுவான மறையாக்கம் கொண்ட எக்செல்லாக அது மாறிவிடுகிறது. பிட்வார்டன், ஒன் பாஸ்வேர்டு போன்றவை ஆளுக்கொரு கணக்கு தருகின்றன. ஜிஎஸ்டி பார்ப்பவருக்கு ஜிஎஸ்டி தொகுப்பு மட்டும், சம்பளப் பட்டியல் பார்ப்பவருக்கு வைப்பு நிதித் தொகுப்பு மட்டும் என்று பிரிக்கலாம். விலகுபவரின் கணக்கை அன்றே மூடலாம். கடவுச்சொல்லைக் காட்டாமல் நிரப்ப மட்டும் அனுமதிக்கும் வசதியும் உண்டு. விவரம் தெரிந்தவர் அதையும் தாண்டிப் பார்த்துவிடுவார். அதனால் ஒருவர் விலகினால் அவர் கையாண்டவற்றை மாற்றியே ஆக வேண்டும்.

இணையத்தில் வைக்கும் மேனேஜரை நம்பலாமா என்ற தயக்கம் நியாயமானது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் கடவுச்சொல் பெட்டகப் பிரதிகள் களவு போயின. கடவுச்சொற்கள் மறையாக்கத்தில் இருந்தன. தள முகவரிகள் அப்படி இல்லை. முதன்மைக் கடவுச்சொல் குட்டையாக இருந்தவர்களின் பெட்டகத்தைத் திருடர்கள் ஆற அமர உடைக்க முடிந்தது. பெட்டகமே களவு போனாலும் காப்பது அந்த ஒரு சொல்தான். தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து அமைத்தால் நினைவில் நிற்கும், உடைபடாது.

கடவுச்சொல் எப்படி இருக்க வேண்டும் என்பதில் பழைய அறிவுரை மாறிவிட்டது. பெரிய எழுத்து, எண், குறியீடு, அவ்வப்போது மாற்றம் என்ற விதிகள் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட கையேட்டின் வழியே பரவின. அந்தப் பகுதியை எழுதிய பில் பர், 2017இல் அதற்காக வருந்தினார். அதே ஆண்டு நிஸ்ட், காரணமின்றிக் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்வதைக் கைவிட்டது. க்ளையன்ட் பெயர், அட் குறி, ஆண்டு என்ற வாய்பாட்டில் நூறு கடவுச்சொற்கள் வைக்கும் பழக்கத்துக்கு அந்தப் பழைய விதியே ஊக்கம் தந்தது. ஒன்று தெரிந்தால் மற்ற தொண்ணூற்றொன்பதும் தெரியும்.

இரண்டாம் கட்டச் சரிபார்ப்பில் எஸ்எம்எஸ் ஓடிபி, கைப்பேசிச் செயலி, பாதுகாப்பு விசை என மூன்று படிகள் உண்டு. சிம் மோசடியில் எண் கைமாறினால் எஸ்எம்எஸ் பலனற்றது. செயலி அதைத் தாங்கும். இந்த மூன்றில் போலித் தளத்தையும் தாங்குவது பாதுகாப்பு விசை மட்டுமே. கூகுள் 2017இல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு அந்த விசையைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒரு பணிக் கணக்குகூடப் போலித் தளத்தால் பறிபோகவில்லை என்று அடுத்த ஆண்டு தெரிவித்தது. எல்லாத் தளங்களும் விசையை ஏற்பதில்லை. மின்னஞ்சலுக்கும் பாஸ்வேர்டு மேனேஜருக்கும் மட்டுமாவது அதை வைப்பது நல்லது, ஏனெனில் மற்றக் கடவுச்சொற்களை மீட்கும் வழி அவற்றில்தான் இருக்கிறது.

இ-வே பில் தளத்தில் 2025 ஏப்ரல் 1 முதல் எல்லாருக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். ஓடிபி க்ளையன்டின் கைப்பேசிக்குப் போக, அலுவலகத்திலிருந்து அழைத்துக் கேட்பது வழக்கமாகிவிட்டது. தொலைபேசியில் கேட்டவுடன் ஓடிபி சொல்லும் பழக்கத்தை ஆடிட்டர் அலுவலகமே க்ளையன்டுக்கு ஊட்டுகிறது; நாளை மோசடிக்காரர் கேட்டாலும் அவர் சொல்லிவிடுவார். ஊழியர்களை அவரவர் எண்ணோடு துணைப் பயனர்களாகச் சேர்க்கும் வசதி அந்தத் தளத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே முறை.

மின்னணுக் கையொப்பச் சான்றிதழ் (டிஎஸ்சி) டோக்கனில் உள்ள தனிச்சாவியை நகலெடுக்க முடியாது. அவ்வளவு வலுவான கருவியின் மேல் பின் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவது, பீரோவைப் பூட்டி அதன் மேலேயே சாவியை வைப்பதற்குச் சமம். பல டோக்கன்களில் ஆலையில் வைத்த 12345678 என்ற எண்கூட மாற்றப்படுவதில்லை. தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பைத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு சான்றிதழ் பெற்றவர் மீதே சுமத்துகிறது. க்ளையன்டே டோக்கனை வைத்திருப்பது முதல் தெரிவு. இயலாதபோது பூட்டிய அலமாரி, எடுப்பவர் கையெழுத்திடும் பதிவேடு, மேனேஜருக்குள் பின் எண் என்ற ஏற்பாடு வேண்டும்.

கோப்புகளைக் காப்பதற்கு, விண்டோஸ் ப்ரோ பதிப்பில் உள்ள பிட்லாக்கர் முதல் தேர்வு; லேப்டாப் தொலைந்தாலும் தகவல் பிறர் கையில் சிக்காது. அதன் 48 இலக்க மீட்பு எண்ணை அதே லேப்டாப்பில் வைக்கக் கூடாது. கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போது பிட்லாக்கர் எதையும் தடுப்பதில்லை. எழுந்து போகும்போது விண்டோஸ் விசையோடு எல் அழுத்திப் பூட்டும் பழக்கமும், வேலை முடிந்ததும் கழற்றிவைக்கும் காப்பு டிஸ்க்கும் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. பிடிஎஃப் பூட்டை நம்ப வேண்டாம். இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும். பெயர் தெரிந்தவர் நூறு முறைக்குள் திறந்துவிடுவார். வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கைக்கு பான் எண்ணும் பிறந்த தேதியும். இரண்டும் அதே ஃபோல்டரில்தான் கிடக்கும். வெளியே அனுப்ப வேண்டியதை 7-ஜிப்பில் ஏஇஎஸ்-256 தேர்ந்து பூட்டி, கடவுச்சொல்லை வேறு வழியில் சொல்ல வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற இயலாத அலுவலகம் முதலில் ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு உருவாக்கலாம்; அதற்குச் செலவில்லை. அடுத்து பிட்லாக்கர், பிறகு மேனேஜர். மாறிய பின் பழைய எக்செல் கோப்பை அழித்தால் மட்டும் வேலை முடியாது. அதன் பிரதிகள் மின்னஞ்சல் இணைப்பிலும், வாட்ஸ்அப்பிலும், பழைய பென் டிரைவிலும் இருக்கும்; எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. வங்கியும் மின்னஞ்சலும் முதலில், வரித் தளங்கள் அடுத்து என்ற வரிசையில் அந்தக் கோப்பில் இருந்த ஒவ்வொரு கடவுச்சொல்லையும் புதிதாக்க வேண்டும்.