கற்றது எத்தனை கால்?

ஆண்டு முடிகின்றது, தேர்வும் முடிகின்றது, மதிப்பெண் பட்டியல் கைக்கு வருகின்றது. வந்ததும் நாம் செய்வது என்ன? முதலில் கூட்டுத்தொகையைப் பார்க்கின்றோம். அடுத்து, பக்கத்தில் இருப்பவனின் கூட்டுத்தொகையைப் பார்க்கின்றோம். மகிழ்கின்றோம் அல்லது வருந்துகின்றோம். பிறகு பட்டியலை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகின்றோம். மளிகைக் கடைக்காரர் ஒருவர் தம் ஆண்டுக் கணக்கை இப்படி முடித்தால் அந்தக் கடை எத்தனை நாள் நடக்கும்? எந்தச் சரக்கு விற்றது, எது தேங்கிக் கிடக்கின்றது, எந்த மூட்டையில் எலி புகுந்தது என்று அவர் பார்க்க வேண்டாவா? கல்வி கற்கும் நமக்கும் அத்தகைய கணக்கு ஒன்று தேவை.

அக்கணக்கை எழுதும் முறை பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகின்றேன். பிறரைச் சுட்டிக் காட்டி எழுதுவதைவிட என் பள்ளிப் படிப்பையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வது முறை என்று எண்ணுகின்றேன்.

நான் பெங்களூரு மல்லேஸ்வரத்தில் வளர்ந்தவன். அங்குள்ள பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புவரை படித்தேன். பொதுத்தேர்வில் நான் எழுதிய பாடங்கள் ஆறு. முதல் மொழியாகிய ஆங்கிலத்திற்கு 125 மதிப்பெண். கன்னடம், இந்தி, கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆகிய ஐந்திற்கும் 100 வீதம் 500. ஆக மொத்தம் 625. என் மதிப்பெண்கள் பெற்றோர்க்கு மனநிறைவு தந்தன. ஆனால் வீட்டில் நான் பேசிய தமிழுக்கு அந்த 625-இல் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. எனவே அந்தப் பட்டியலைப் பார்த்து என் தமிழின் நிலையை அறிய வழி இல்லை. வேறொரு அளவுகோல் வேண்டியிருந்தது. அதைத் தேடியபோது, நம் பழைய இலக்கண நூல் ஒன்றிலேயே அது இருக்கக் கண்டேன்.

எட்டு உவமைகள்

அந்நூல் நன்னூல். கங்கர் குடியில் வந்த சீயகங்கன் என்னும் தலைவன் வேண்ட, ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் இயற்றியது. அத்தலைவனைக் கல்வெட்டுகள் குவளாலபுரத்துக்கு உரியவன் என்று கூறுகின்றன. குவளாலபுரம் என்பது இன்றைய கோலார். பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ஆகவே இந்த மண்ணுக்கும் நன்னூல் அயலான நூல் அன்று.

எழுத்தும் சொல்லும் பற்றிப் பேசத் தொடங்குமுன், கற்பிப்பவர், கற்பவர், கற்கும் முறை ஆகியவற்றைப் பற்றி நன்னூல் தன் பாயிரத்தில் பேசுகின்றது. மாணாக்கரை எட்டுப் பொருள்களுக்கு அது உவமிக்கின்றது. நீரை விலக்கிப் பாலைக் கொள்ளும் அன்னமும், வயிறார மேய்ந்தபின் ஓரிடத்தில் இருந்து அசை போடும் பசுவும் தலை மாணாக்கர்க்கு உவமை. உழவனின் உழைப்புக்கு ஏற்ப விளையும் மண்ணும், சொல்லிக் கொடுத்ததை மட்டும் சொல்லும் கிளியும் இடை மாணாக்கர்க்கு உவமை. ஓட்டைக் குடமும், ஒரு செடியில் நிறைய மேயாமல் செடிக்குச் செடி தாவும் ஆடும், குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமையும், நல்லதை ஒழுகவிட்டுக் கசட்டைப் பிடித்து வைக்கும் பன்னாடையும் கடை மாணாக்கர்க்கு உவமை.

இவற்றை எட்டு வகை மனிதர்கள் என்றே நாம் படித்து வந்திருக்கின்றோம். "அவன் அன்னம், இவன் எருமை" என்று வகுப்பில் கேலி பேசவும் இது பயன்பட்டிருக்கும். நான் வேறு வகையாகப் படித்துப் பார்த்தேன். இந்த எட்டும் எட்டு மனிதர்கள் அல்லர்; ஒரே மாணவன் உள்ளத்தில் இருக்கும் எட்டு நிலைகள் என்று கொண்டேன். அப்படிக் கொண்டதும் என் கணக்கு தெளிவாயிற்று. கணக்குப் பாடத்தில் நான் பசு. போட்ட கணக்கையே நடக்கும்போதும் நினைத்துக்கொண்டிருப்பேன். அறிவியலில் கிளி, பாடத்தில் உள்ளதைப் பிழையின்றிச் சொல்வேன், அதற்கு அப்பால் ஒரு சொல்லும் வராது. வரலாற்றில் ஓட்டைக் குடம். தேர்வு முடிந்த மறுவாரமே ஆண்டுகள் ஒழுகிவிடும். தமிழில் ஆடு, ஒரு சிறுகதையில் பாதி, ஒரு நாவலில் பத்துப் பக்கம், செய்தித்தாளில் தலைப்பு. "நீ எப்படிப்பட்ட மாணவன்?" என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. பாடந்தோறும் விடை மாறுகின்றது. விடை மாறும் என்றால் நிலையையும் மாற்றலாம் அல்லவா?

நான்கு கால்கள்

நோய் இன்னது என்று சொன்ன நன்னூல், மருந்தையும் சொல்லாமல் விடவில்லை. ஆசிரியர் சொன்னதை ஒருவன் நன்றாகவே மனத்தில் கொண்டாலும், அதனால் அவனுக்குக் கிட்டுவது புலமையில் கால் பங்குதான் என்கின்றது. உடன் பயில்வோரோடு பழகிப் பயில்வதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய அரைப் பங்கோ, கற்றதைப் பிறர்க்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் மட்டுமே வரும். கேட்பது கால், கூடிப் பயில்வது கால், எடுத்துரைப்பது அரை. இதுவே அதன் கணக்கு.

இந்த அளவுகோலை என் பாடங்களின் மேல் வைத்துப் பார்த்தேன். கணக்கில் நான் வலிமை பெற்ற காரணம் விளங்கிற்று. வகுப்புத் தோழன் ஒருவனும் நானும் மாலைதோறும் ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுத்துப் போட்டுப் பார்ப்போம். அவன் தம்பிக்கு நானே பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான்கு காலும் அங்கு ஊன்றியிருந்தன. அறிவியலில் கேட்டதோடு சரி. ஒரு காலே உண்டு. தமிழிலோ நிலை விந்தையானது. பாட்டி எழுத்துக் கற்பித்தார். ஆனால் கூடிப் படிக்கத் தோழர் இல்லை. எடுத்துரைக்க அவையும் இல்லை. சம்பிகே சாலையில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று மொழிகள் தத்தம் இடத்தில் நின்றுவிட்டன. இம்மூன்றும் பேச வருவது என் வலிமைதான். ஆனால் வகுப்பில் கற்றது ஒன்றும் வீட்டு மொழிக்குள் வரவில்லை என்பதே நான் நிரப்ப வேண்டிய இடம்.

பருப்பு வேகும் நேரம்

எடுத்துரைப்பதற்கு நன்னூல் அரைப் பங்கு கொடுத்தது ஏன் என்பதை எங்கள் வீட்டுச் சமையலறையில் அறிந்தேன். பாட்டி கும்பகோணத்துக்காரர். ஒருநாள், "ஏண்டா கண்ணா, ஊரிலே வெண்கலப் பானையில் போட்ட பருப்பு சீக்கிரம் வெந்துவிடும். இங்கே அதே பானை, அதே பருப்பு. ஆனால் நேரம் பிடிக்கிறது. குக்கரில் போட்டால் மட்டும் உடனே வேகிறது. இது என்ன கூத்து?" என்று கேட்டார். அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும் என்னும் விதியை ஆங்கிலத்தில் நான் மனப்பாடமாக அறிவேன். அதைத் தமிழில் சொன்னேன். "கொதிக்கிற தண்ணீர் எல்லாம் ஒரே சூடுதானே?" என்று பாட்டி திருப்பிக் கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல நான் விதியை உடைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கும்பகோணம் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர். அங்குத் தண்ணீர் ஏறத்தாழ 100 பாகை வெப்பத்தில் கொதிக்கும். பெங்களூரு கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் சற்று அதிகமான உயரத்தில் இருக்கின்றது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே இங்கு ஏறத்தாழ 97 பாகையிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகத் தொடங்கிவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீ எரித்தாலும் திறந்த பானையில் சூடு ஏறாது. குக்கரின் மூடி ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால், உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 பாகைவரை செல்கின்றது. இப்படிச் சொன்னதும், "அப்படியானால் கொதியில் தணிந்த கொதியும் உண்டு, உயர்ந்த கொதியும் உண்டு என்று சொல்" என்றார் பாட்டி. என் பாடநூல் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. விதி என்னிடம் இருந்தது. உண்மையைக் கண்ட பட்டறிவு பாட்டியிடம் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அப்பாடம் எனக்கு உரியதாயிற்று.

எடுத்துரைக்கும் இக்கடமையை இறுதிவரை விடாத ஒருவர் மல்லேஸ்வரத்திலேயே வாழ்ந்தார். 1888-இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்று, 1933-இல் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகப் பெங்களூருக்கு வந்த சர் சி. வி. இராமனே அவர். 'பஞ்சவடி' என்னும் அவர் இல்லம் மல்லேஸ்வரத்தில் உள்ளது. ஆண்டுதோறும் காந்தியடிகள் நினைவாகப் பொதுமக்களுக்கு அறிவியல் சொற்பொழிவு ஆற்றி வந்தார். 1970 அக்டோபரிலும் அச்சொற்பொழிவை ஆற்றினார்; நவம்பர் 21-இல் மறைந்தார். உலகப் புகழ் பெற்ற பின்னும், 81 வயதிலும், கற்றதைப் பிறர்க்கு விளக்குவது தமக்குரிய வேலை என்று அவர் கருதினார்.

இன்றைய ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கின்றது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளநூலார் இருவர் மாணவர்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு சாரார் பாடத்தை இருமுறை படித்தனர். மறு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, ஏட்டை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது இருமுறை படித்தவர்களே முந்தினர். ஆனால் ஒரு வாரம் கழித்து அவர்கள் நினைவில் நின்றது நூற்றுக்கு 42 பங்கு. எழுதிப் பார்த்தவர்களுக்கோ 56 பங்கு. மீண்டும் மீண்டும் படிக்கும்போது "எல்லாம் வந்துவிட்டது" என்று தோன்றும் எண்ணம் நம்பத்தக்கது அன்று என்பதை இது காட்டுகின்றது. கேட்டவற்றை நினைத்துப் பார்த்தலையும், வினாவுதலையும், வினவியவற்றுக்கு விடை கூறுதலையும் நன்னூல் கற்கும் முறையில் சேர்த்திருப்பதன் பொருள் இப்போது விளங்கும்.

2020-இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கையும், முன்னேற்ற அட்டையில் ஆசிரியரின் மதிப்பீட்டோடு மாணவனின் தன்மதிப்பீடும் உடன் பயில்வோர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கின்றது. நல்ல கருத்தே. ஆனால் அட்டையில் கட்டம் போட்டுக் கொடுத்தால் மட்டும் தன்மதிப்பீடு வந்துவிடாது. எதைக் கொண்டு அளப்பது என்று மாணவன் அறிந்திருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை

நண்பர்களே, நீங்களும் இக்கணக்கை எழுதிப் பாருங்கள். ஒரு தாளில் உங்கள் பாடங்களை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. ஏட்டை மூடிவிட்டு, சென்ற வாரம் கேட்ட பாடத்தை என்னால் ஒரு பக்கம் எழுத முடியுமா?

2. இந்தப் பாடத்தைப் பற்றி உடன் பயில்வோர் ஒருவரோடு இந்த மாதம் கேள்வி எழுப்பிப் பேசினேனா?

3. இதை என் வீட்டில் ஒருவர்க்கு அவர் மொழியில் விளக்கி, அவர் கேட்கும் மறுகேள்விக்கும் விடை சொல்ல முடியுமா?

முதற்கேள்விக்கு ஆம் என்றால் கால். இரண்டாவதற்கும் ஆம் என்றால் அரை. மூன்றாவதற்கும் ஆம் என்றால் முழுமை. இல்லை என்று வரும் இடமே அடுத்த மாதம் உழைக்க வேண்டிய இடம். அது வெட்கத்துக்கு உரியது அன்று. உழவன் வயலில் பள்ளம் எது, மேடு எது என்று அறிவது போன்றது.

மூன்றாம் கேள்வியில் நம்மில் பலர் தயங்கக்கூடும். அறிவியலையும் பொறியியலையும் ஆங்கிலத்தில் கற்கின்றோம். தமிழில் அவற்றைச் சொல்லிப் பழக நமக்கு இடம் இல்லை. அந்த இடத்தை நம் சங்கம் தரலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுவோம். ஒருவர் தம் துறைச் செய்தி ஒன்றைப் பத்து நிமிடம் தமிழில் விளக்கட்டும். பிற துறையினர் ஐந்து நிமிடம் கேள்வி கேட்கட்டும். கலைச்சொல் கிடைக்காத இடத்தில் நிறுத்திவிட வேண்டா. வழக்கில் உள்ள சொல்லையே சொல்லி மேலே செல்லலாம். முதற்கூட்டத்தில் பேச நான் அணியமாக இருக்கின்றேன். கொதிநிலையைப் பற்றியே பேசுகின்றேன். மறுகேள்விகளோடு வாருங்கள்.