மருத்துவமனை மாண்பு

நோய் வந்துற்றகாலை மனிதன் தன் செல்வத்தையும் செருக்கையும் வாயிற்புறத்தே விட்டு, முன் அறியாதார் கையில் தன் உடம்பை ஒப்புவித்துப் படுக்கும் இடம் மருத்துவமனை. பிற இடங்களிற் பிழை நேரின் பொருளை இழப்போம். அங்குப் பிழை நேரின் உயிரை இழப்போம். ஆகலின், மருத்துவமனையின் மாண்பு யாதென ஆராய்தல் மருத்துவம் பயில்வார்க்கு மட்டுமன்றி நம்மனோர் யாவர்க்கும் உரியதொரு கடமையாம். உயர்ந்த கட்டடமும், விலைமிக்க கருவிகளும், பட்டம் பல பெற்ற மருத்துவரும் அமைந்துவிட்டால் மருத்துவமனை சிறந்துவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை வேண்டற்பாலனவே. ஆயினும், அவற்றினும் இன்றியமையாதது ஒன்றுண்டு. அஃது அங்குப் பணிசெய்வார் தம்முள் ஒழுகும் முறை. பிழையைக் கண்டவர் அஞ்சாது சொல்லவும், கேட்டவர் சினவாது ஏற்கவும் இயலுமாயின் அம்மருத்துவமனை நோயாளரைக் காக்கும். இயலாதாயின் கட்டடமும் கருவியும் காவா என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதியில், வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பன அவை. அருகிருந்து பேணுவோனை ஏவலாள் என ஒதுக்காது, மருத்துவனோடு ஒருங்கு வைத்து எண்ணிய நுட்பம் நோக்கத்தக்கது. அந்நான்காம் கூறு வாய்மூடி நிற்குமாயின் மருத்துவம் நிறைவுறுதல் எங்ஙனம்?

இவ்வினா எனக்கு நூலினின்று எழுந்ததன்று. சென்ற ஆண்டு என் பாட்டியார் காலிற் புண்பட்டு ஒரு மருத்துவமனையிற் பன்னிரண்டு நாள் கிடந்தார். யான் அவரருகே இருந்தேன். ஒருநாட் காலை மருத்துவர் ஒருவர் படுக்கைதோறும் சென்று நோயாளரைப் பார்த்து வந்தார். அடுத்த படுக்கையில் இருந்தவருடைய சீழ்ப்புண்ணைத் தொட்டு நோக்கியவர், கை கழுவாமலே பாட்டியாரின் கட்டை அவிழ்க்கலானார். பயிற்சி பெறும் இளஞ்செவிலியார் ஒருவர், கையைத் தூய்மை செய்யும் மருந்துக் குப்பியை ஏந்தி அவர் பின்னே நின்றார். அவர் ஓரடி முன்வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின் தலைகுனிந்து நின்றுவிட்டார். யானும் வாளாவிருந்தேன். இறையருளாற் பாட்டியார் நலமுற்று இல்லம் மீண்டார். எனினும், அறிந்த ஒருவர் அருகிருந்தும் அவ்வொரு சொல் ஏன் பிறக்கவில்லை என்னும் வினா என்னை விட்டு நீங்கவில்லை. விடை தேடிப் படித்தபொழுது மருத்துவர் மூவர் வரலாறு கிட்டிற்று. அவற்றைச் சுருங்கக் கூறுவல்.

1. எண்ணி அறிதல்

ஆஸ்திரியாவின் தலைநகராகிய வியன்னாவில் இருந்த பெரிய பொது மருத்துவமனையில் மகப்பேற்றுப் பகுதிகள் இரண்டிருந்தன. முதற் பகுதியில் மருத்துவ மாணவர் பயின்றனர்; இரண்டாம் பகுதியில் மருத்துவச்சியர் பயின்றனர். மகப்பேற்றுக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது முதற் பகுதியிற் பன்மடங்கு மிகுந்திருந்தது. 1846ஆம் ஆண்டில் அங்கு நூற்றுவருள் பதினொருவர் மாண்டனர்; இரண்டாம் பகுதியில் மூவரளவே மாண்டனர். இதனை நகரப் பெண்டிரும் அறிந்திருந்தனர். முதற் பகுதியிற் சேர்க்க வேண்டா என அழுது இரந்தோர் பலர்.

அவ்வாண்டில் அங்குத் துணைமருத்துவராக அமர்ந்தவர் ஹங்கேரி நாட்டினரான இக்னாஸ் செம்மல்வைஸ். இரு பகுதிக்கும் உள்ள வேற்றுமைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்தார். நெருக்கடி காரணமோ எனின், இரண்டாம் பகுதியிலேயே நெருக்கடி மிகுதி. பிள்ளை பெறும்பொழுது கிடக்கும் நிலை காரணமோ என அதனை மாற்றினார், பயனில்லை. இறப்பார்க்கு இறுதிச் சடங்கு செய்யவரும் குருவின் மணியோசை கேட்டு அஞ்சுதல் காரணமோ என, அவரை வேறு வழியில் ஓசையின்றி வரச் செய்தார், அதனாலும் பயனில்லை. 1847 மார்ச்சில் அவர் நண்பராகிய கொல்லெட்ச்கா என்னும் பேராசிரியர், பிணத்தை அறுத்து ஆராயும்போது மாணவனொருவனின் கத்தி கையிற் பட்டு, அக்காய்ச்சலை ஒத்த நோயால் இறந்தார். செம்மல்வைசுக்கு உண்மை புலனாயிற்று. பிணவறையினின்று நேரே வரும் மாணவர் கைகளே நஞ்சைக் கொணர்ந்தன. மருத்துவச்சியர் பிணவறைக்குச் செல்வதில்லை.

1847 மே மாதத்தில், குளோரின் கலந்த நீரிற் கை கழுவியன்றி ஒருவரும் தாய்மாரைத் தொடலாகாது என விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த இறப்பு, ஜூனில் இரண்டளவிற்கு வீழ்ந்தது. நோய்க்கிருமி பற்றிய அறிவு மருத்துவ உலகில் நிலைபெறுமுன் நிகழ்ந்த செயல் இஃது. எண்ணிக்கையே அவருக்கு விளக்காயிற்று. இதனினும் பெரியது ஒன்றுண்டு. பிணங்களை மிகுதியும் ஆராய்ந்த தம் கைகளாலேயே எத்துணைத் தாய்மார் மாண்டனரோ என்று பின்னர்த் தாம் எழுதிய நூலில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

ஆயினும் மூத்தோர் பலர் ஏற்றிலர். மருத்துவர் கையே கொல்லும் என்னுஞ் சொல்லை அவர்தம் பெருமிதம் பொறுக்கவில்லை. செம்மல்வைஸ் 1850இல் வியன்னாவை விட்டகன்றார். பிற்காலத்தில் தம்மை மறுத்தோரைக் கொலைஞர் எனச் சுட்டி வெளிப்படைக் கடிதங்கள் எழுதினார். அவை பகையை வளர்த்தனவேயன்றி உண்மையைப் பரப்பவில்லை. 1865இல் மனநோய் இல்லமொன்றில் உயிர்நீத்தார். உண்மையைக் கண்டால் மட்டும் போதாது. அதனை இன்சொல்லாற் கூறுவாரும் இகழாது கேட்பாரும் வேண்டும் என்பது இவ்வரலாற்றான் விளங்கும்.

2. ஒளியாது உரைத்தல்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் அமோரி காட்மன் என்னும் அறுவை மருத்துவர் இருந்தார். நோயாளி வீடு சென்றபின் அவர் உண்மையில் நலமுற்றாரா என்பதை ஓராண்டேனும் தொடர்ந்து அறிதல் வேண்டும். அறாவிடின் பிழை யாதெனக் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு யாவரும் காண வெளிவரல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வணிகன் தன் வரவு செலவை எழுதுகின்றான். உயிரோடு வாணிகம் செய்யும் மருத்துவமனை தன் கணக்கை எழுதாமை தகுமோ என்பது அதன் உட்கிடை.

மருத்துவரை ஆண்டு மூப்புப் பற்றி உயர்த்தாது செயற்பயன் பற்றியே உயர்த்துக எனக் கேட்டு, 1914இல் தாம் பணியாற்றிய மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைப் பதவியைத் துறந்தார். 1911இல் தாமே தொடங்கிய சிறு மருத்துவமனையில் தம் கொள்கையை நடத்திக் காட்டினார். 1916 வரை அங்கிருந்து சென்ற 337 நோயாளரைப் பற்றிய குறிப்பில் 123 பிழைகளை எழுதி அச்சிட்டார். அறிவுக்குறை, முடிபு செய்தலிற் குறை, கவனக்குறை, கருவிக்குறை என அவற்றை வகைப்படுத்தினார். தம் பிழையைத் தாமே அச்சிட்ட மருத்துவரை உலகம் நகைத்தது, நண்பர் விலகினர்.

அவர் அஞ்சியது வீணன்று என்பதை மற்றொரு நிகழ்ச்சி காட்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் கழகம் நூறும் அதற்கு மேலும் படுக்கையுடைய 692 மருத்துவமனைகளை ஆராய்ந்தது. நோயாளரைப் பற்றிய குறிப்பை முறையே எழுதி வைத்தல் போன்ற எளிய விதிகளை நிறைவேற்றியவை அவற்றுள் 89 மட்டுமே. புகழ்பெற்ற மருத்துவமனைகள் பலவும் தவறின. எண்ணிக்கையை மட்டும் அறிவித்து, பெயர்ப்பட்டியலை 1919இல் நியூயார்க் விடுதியொன்றின் உலையிலிட்டு எரித்தனர். பட்டியல் எரிந்தது, பிழைகள் எரியவில்லை. எனினும் அவ்வாராய்ச்சியே பின்னாளில் மருத்துவமனைகளை ஆய்ந்து தரங்காணும் முறைக்கு வித்தாயிற்று. இன்று காட்மன் அம்முறையின் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றப்படுகின்றார்.

3. தடுத்து உரைத்தல்

இனிக் கூறுவது நம் காலத்தது. தீவிர சிகிச்சைப் பகுதியிற் கிடக்கும் நோயாளரின் பெரிய குருதி நாளத்துள் மெல்லிய குழாயைச் செலுத்தி மருந்து கொடுப்பர். அக்குழாய் வழியே கிருமி புகின் உயிர்க்கு இறுதி நேரலாம். பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிற் பீட்டர் புரோனோவோஸ்ட் என்னும் மருத்துவர் 2001இல் ஐந்து விதிகளை ஒரு தாளில் எழுதினார். கை கழுவுக, நோயாளியின் தோலை மருந்தால் தூய்மை செய்க, நோயாளியைத் தூய ஆடையால் முழுதும் போர்த்து, செய்வோரும் தூய உடையும் கையுறையும் அணிக, கூடியவரை தொடையடி நாளத்தைத் தவிர்க்க, வேண்டாத குழாயை உடனே நீக்குக என்பன அவை. இவற்றுள் மருத்துவர் அறியாதது ஒன்றேனும் இல்லை. ஆயினும் செவிலியர் ஒரு மாதம் உற்று நோக்கியபொழுது, நோயாளர் மூவருள் ஒருவர்க்கு மேல் ஏதேனும் ஒரு விதி விடுபட்டமை தெரிந்தது.

அதன்பின் அவர் செய்ததே பெருஞ்செயல். விதி ஒன்று விடுபடின் செவிலியர் மருத்துவரைத் தடுத்து நிறுத்தலாம்; நிருவாகம் அவர் பக்கம் நிற்கும் என ஆணை பிறப்பிக்கச் செய்தார். பின்னர் மிச்சிகன் மாநிலத்தில் இம்முறையை மேற்கொண்ட 103 தீவிர சிகிச்சைப் பகுதிகளின் கணக்கு 2006இல் வெளிவந்தது. ஆயிரம் குழாய்-நாளுக்குச் சராசரி 7.7 ஆக இருந்த குருதித்தொற்று ஒன்றரை ஆண்டில் 1.4 ஆகக் குறைந்தது.

தாள் ஒன்றே இதனைச் செய்ததோ எனின், அன்று. உலகச் சுகாதார நிறுவனம் அறுவைக்கு வகுத்த சரிபார்ப்புப் பட்டியலைப் புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களில் ஆண்டபொழுது, இறப்பு நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009இல் அறிந்தனர். ஆனால் கனடாவின் ஒண்டேரியோவில் 101 மருத்துவமனைகள் அதனை ஏற்றபின், இறப்பு 0.71இலிருந்து 0.65 ஆயிற்றென்றும், அவ்வேறுபாடு தற்செயலெனத் தள்ளத்தக்க அளவினதே என்றும் 2014இல் தெரிந்தது. கட்டத்தில் குறியிடுதல் எளிது. ஒருவர் சொல்லை ஒருவர் மதித்துக் கேட்டல் அரிது. உள்ளம் மாறாத இடத்துப் பட்டியலும் மற்றொரு தாளேயாய் முடியும் போலும்.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: மூத்தோரைத் தடுத்துரைத்தல் பணிவின்மை ஆகாதோ? ஆகாது. இடித்துரைக்கும் பெரியாரைத் துணையாகக் கொள்ளுமாறு அரசனுக்கே அறிவுறுத்துவது நம் பொருட்பால். மேலும், துணிவு முழுவதையும் இளையோர் தலையிற் சுமத்துதல் அறமன்று. “யான் பிழை செய்யின் சொல்லுங்கள்” என்று முதலிற் கூறவேண்டியவர் மூத்தவரே. விதி அங்ஙனம் அமைந்தால் பேசுவது செவிலியன்று, விதி. நாணுதற்கோ சினத்தற்கோ இடமில்லை. அறிந்தே விதியைப் புறக்கணித்தாரைத் தண்டித்தலும், அயர்ந்து பிழைத்தாரிடம் காரணம் கேட்டு முறையைத் திருத்தலும் வெவ்வேறு என்பதையும் நிருவாகத்தார் உணர்தல் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கருதின் பிழை குறையாது. பிழையை மறைத்தலே பெருகும்.

முடிவுரை

எண்ணி அறிதல், ஒளியாது உரைத்தல், தடுத்து உரைத்தல் என்னும் இம்மூன்றும் மருத்துவமனையின் மாண்பாம். இவற்றிற்குப் பெரும்பொருள் வேண்டுவதின்று. தன்முனைப்பை ஒரு சிறிது விடுதலே வேண்டும். நண்பர்களே! நம்முள் நாளை மருத்துவராவார் சிலர்; நிருவாகம் செய்வார் சிலர்; நோயுற்றுக் கிடப்பாரோ அனைவரும். அன்று தலைகுனிந்து நின்ற அவ்விளஞ்செவிலியாரை இன்றும் நினைக்கின்றேன். அவர்பாற் குறை காண என்னால் இயலவில்லை. வாய் திறந்த பின்னும் தமக்கு இடருண்டாகாது என்னும் உறுதியை அவருக்கு ஒருவரும் அளித்திலர். அருகிருந்த யானும் அளித்திலேன். அவ்வுறுதியை அளிக்கும் இடங்களாக நம் மருத்துவமனைகளை ஆக்குதல், அங்குப் பணிபுரியப் போவாரும் அவற்றை நாடிச் செல்வாரும் ஒருங்கே மேற்கொள்ளத்தக்க கடனாகும்.