நம்ம குடும்பத்தின் முதல் ஆள் யார்?
வாய்க்கதையையும் தோட்டத்துப் புத்தகத்தையும் சேர்த்துப் படிக்கும் பாடம்



"உங்க குடும்பம் எப்போ இந்தத் தோட்டத்துக்கு வந்தது?" என்று யாராவது கேட்டால் நம்மில் பலர், "பாட்டன் காலத்துல வந்தது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எந்தப் பாட்டன், எந்த ஊர், எந்த வருசம், எந்த வழி என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் பதில் இரண்டு இடத்தில் கிடக்கிறது. ஒன்று லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயசாளிகளின் வாயில். மற்றது ஆபீஸ் அலுமாரியில் தூசி பிடித்த புத்தகங்களில். இரண்டையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதே இந்த இதழின் பாடம்.

ஒரு குடும்பத்தின் கதை

நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஒரு கொழுந்தெடுக்கும் அம்மா ஓய்வு பெற்றார். சேமலாப நிதிப் பணம் வரவில்லை. காரணம் பெயர்தான். அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், சேமலாப நிதி அட்டையில் வேறு விதமாகவும் எழுதியிருந்தது. 'கறுப்பாயி', 'கருப்பாய்' என்பது போன்ற சின்ன வித்தியாசம்தான். அதற்காக மாதக்கணக்கில் அலைந்தார்.

இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று காட்டப் பழைய செக்ரோல்களை எடுத்தோம். பெயர் எப்படி மாறினாலும் செக்ரோல் நம்பர் மாறவில்லை. அதையும் பிறப்புப் பதிவையும் வைத்து, சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து அனுப்பிய பிறகு பணம் கிடைத்தது.

அந்த அலைச்சலில் ஆபீஸ் வாசலில் ஒரு கிழவி தினமும் வந்து உட்காருவார். அந்த அம்மாவின் தாயார். அடையாள அட்டைப்படி 1938ல் பிறந்தவர். புத்தகத்தைப் புரட்டும்போது அவர் சும்மா இருக்க மாட்டார். "எங்க பூட்டன் தாது வருசப் பஞ்சத்துல வந்தவருய்யா. மீசை முளைக்காத பையனா வந்தாராம். மன்னாரு காட்டு வழியா நடந்தே வந்தாராம். கூட வந்த தம்பிய காட்டுலயே பொதைச்சிட்டு வந்தாராம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். உயர்தரம் படிக்கும் பேரன் பக்கத்தில் இருந்து ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினான். அவனுக்குத் துணையாக நாங்களும் தேடினோம்.

முதல் படி: வருசத்தைக் கண்டுபிடித்தல்

நம்ம வயசாளிகள் வருசத்தை எண்ணில் சொல்ல மாட்டார்கள். நடந்த காரியத்தை வைத்துத்தான் சொல்வார்கள். அந்தக் காரியம் நடந்த வருசம் தெரிந்தால் கதைக்கும் வருசம் கிடைத்துவிடும். இவற்றைக் குறித்து வையுங்கள்:

தாது வருசப் பஞ்சம்: சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை.
கோப்பிக் காலம்: 1869ல் கோப்பி இலையில் நோய் கண்டது. 1880களில் கோப்பி அழிந்து தேயிலை பரவியது. ஆகவே "கோப்பி நட்டோம்" என்றால் பெரும்பாலும் அதற்கு முந்திய கதை.
தலைமன்னாருக்கு ரயில் வந்தது: 1914. நடந்து வந்த கதை என்றால் அனேகமாக இதற்கு முந்தியது.
துண்டு முறை: கடனைக் காட்டும் துண்டு இல்லாமல் தோட்டம் மாற முடியாதிருந்த காலம். 1921ல் சட்டத்தால் ஒழிந்தது.
ஆள் வருவது நின்றது: 1939ல் இந்திய அரசு தடை போட்டது.
முல்லோயாவில் கோவிந்தன் சுடப்பட்டது: 1940 ஜனவரி.
சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டது: 1942 ஏப்ரல்.
பெரிய வெள்ளம்: 1957 டிசம்பர்.
தோட்டத்துப் பஞ்சம்: 1973, 1974.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு தலைமுறைக்கு 25 வருசம் என்று பின்னால் போகலாம். கிழவியின் தகப்பனார் இறந்த பதிவில் வருசம் 1969, வயது 60 என்று இருந்தது. அப்படியானால் அவர் பிறந்தது 1909 அளவில். அவருடைய தகப்பன் 1884 அளவில். பூட்டன் 1859 அளவில். பஞ்சத்தில் அவருக்கு 18 வயது இருக்கும். "மீசை முளைக்காத பையன்" என்ற பேச்சு கணக்குக்கு ஒத்து வந்தது. இப்படி ஒத்து வந்தால் கதையை நம்பிக்கையோடு எழுதலாம். ஒத்து வராவிட்டால் கதை பொய் என்று தள்ளிவிடக் கூடாது. இடையில் ஒரு தலைமுறை விடுபட்டிருக்கலாம்.

இரண்டாம் படி: எந்தப் புத்தகத்தில் எது இருக்கும்

செக்ரோல்: பெயர், நம்பர், எத்தனை பேர், எந்தக் கங்காணியின் கீழ் என்பது தெரியும். ஒரே கங்காணியின் கீழ் இருந்தவர்கள் பல இடத்தில் சொந்தக்காரர்களாகவோ ஒரே ஊர்ப் பக்கத்தவர்களாகவோ இருப்பார்கள்.

பிறப்பு இறப்புப் பதிவு: தோட்டத்தில் பிறப்பு இறப்பு நடந்தால் துரை மூலம் பதிவாளருக்கு அறிவிப்பது வழக்கம். பிரதிக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். தோட்டம் சேர்ந்தோ பிரிந்தோ பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் சொல்லித் தேடுங்கள்.

பாடசாலைச் சேர்வு இடாப்பு: பிள்ளையின் பிறந்த திகதியும் தகப்பன் பெயரும் கிடைக்கும்.

பிரஜாவுரிமைக் காகிதங்கள்: 1948ல் நம்மவர்கள் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனுப் போட்டவர்கள், 1946க்கு முன்னால் 7 வருசமோ 10 வருசமோ இங்கேயே இருந்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கலியாணம் முடித்தவருக்கு 7, முடிக்காதவருக்கு 10. அதனால் எந்தத் தோட்டத்தில் எப்போது இருந்தார்கள் என்று அந்தக் காகிதங்களில் எழுதியிருக்கும். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு போட்ட மனுக்களும் அப்படியே. பெட்டியின் அடியில் மடித்து வைத்த கடதாசியை ஒருபோதும் எறியாதீர்கள்.

பழைய தோட்ட டைரக்டரி: பெர்குசன் டைரக்டரி என்ற பழைய புத்தகத்தில் தோட்டத்தின் ஏக்கர், சொந்தக்காரர், துரை பெயர் எல்லாம் உண்டு. கொழும்பு தேசிய சுவடிகள் கூடத்தில் இப்படிப்பட்டவற்றைப் பார்க்கலாம். ஆனால் காட்டை வெட்டினவன் பெயர் அதில் இருக்காது. அதற்கு நாம்தான் எழுத வேண்டும்.

மூன்றாம் படி: இரண்டையும் ஒட்டிப் பார்த்தல்

இங்கேதான் நாங்கள் ஒரு தவறு செய்யப் பார்த்தோம். அந்தத் தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஆகப் பழைய செக்ரோல் 1948ஆம் ஆண்டுக்கு உரியது. அதில் கிழவியின் தகப்பன் பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். எழுதினவர் தெரியாமல் ஒரே ஆளை இரண்டு முறை பதிந்துவிட்டார் என்று நினைத்து ஒன்றைக் கோடு போட்டு விட்டோம்.

கிழவியிடம் வாசித்துக் காட்டினோம். உடனே மறித்தார். "அடிக்காதீங்கய்யா, அது வேற ஆளு. எங்க அப்பாவோட பெரியப்பா மகன். அவரு பணிய லயம், எங்கப்பா மேட்டு லயம். ரெண்டு பேருக்கும் அவங்க தாத்தா பேரத்தான் வச்சாங்க. பஞ்சத்துல நடந்து வந்த மனுசன் பேரு அது" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. நம்ம வழக்கப்படி பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பார்கள். முதலில் வந்தவரின் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு பேரன்மார் அதே பெயரைச் சுமந்துகொண்டு 1948ஆம் ஆண்டுச் செக்ரோலில் நின்றார்கள். கிழவி சொல்லாவிட்டால் அந்தச் செக்ரோலில் நமக்குக் கிடைத்தது ஒரு பிழை மட்டுமே. செக்ரோல் இல்லாவிட்டால் கிழவியின் பேச்சுக்குச் சாட்சி இல்லை.

ஊர்ப் பெயரிலும் சிக்கல் வந்தது. காகிதத்தில் 'துறையூர்' என்று இருந்தது. கிழவியோ நாமக்கல் பக்கம் என்றார். அதே கங்காணியின் ஆட்கள் எல்லோருக்கும் துறையூர் என்றே எழுதியிருப்பதைப் பார்த்தோம். கங்காணியின் ஊரையே எல்லோருக்கும் எழுதிவிட்டார்கள் போலும். இப்படிப்பட்ட இடத்தில் இரண்டையும் எழுதி வையுங்கள், ஒன்றை அடிக்காதீர்கள். குலதெய்வத்தின் பெயரையும் கேளுங்கள். குலதெய்வக் கோயில் இருக்கும் ஊர் பல நேரம் சொந்த ஊரைக் காட்டிக் கொடுக்கும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஜில்லாக்கள் பிரிந்துவிட்டன. சேலம் ஜில்லா என்று எழுதியிருக்கும் நாமக்கல் 1997ல் தனி மாவட்டம் ஆனது. புதுக்கோட்டை 1974லும், பெரம்பலூர் 1995லும் தனி மாவட்டங்கள் ஆயின. பழைய ஜில்லாவில் மட்டும் தேடினால் ஊர் அகப்படாது.

பெண்களை விட்டுவிடாதீர்கள்

அந்தப் பூட்டனின் மனைவியைக் குடும்பத்தில் 'மாத்தளைக் கிழவி' என்றே சொல்கிறார்கள். மாத்தளைப் பக்கம் இருந்தபோது கட்டின பெண்ணாம். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்திலும் இல்லை. பேரன் 'மாத்தளைக் கிழவி, பெயர் தெரியாது' என்று அப்படியே எழுதினான். அதுதான் சரி. தெரியாத இடத்தில் நாமாக ஒரு பெயரை வைத்து நிரப்பக் கூடாது. உங்கள் வீட்டில் அப்பாயி, அம்மாயி இருந்தால் அவர்களுடைய அம்மா, அப்பாயி, அம்மாயி பெயர்களை முதலில் கேளுங்கள். ஆண் வழியை எல்லோரும் சொல்வார்கள். பெண் வழிதான் முதலில் மறையும்.

கேட்கும் முறை

வேலை முடிந்து களைத்து வந்தவுடன் கேட்காதீர்கள். தேத்தண்ணி குடிக்கும் நேரம், திருவிழா நேரம் நல்லது. "எந்த வருசம்?" என்று கேட்காமல், "யார் கூட வந்தாங்க? முதல்ல எந்த லயம்? என்ன சாப்பிட்டாங்க?" என்று கேளுங்கள். பழைய தகரத் துண்டு, கப்பல் பாஸ், செம்பு, போட்டோ ஏதும் இருந்தால் கையில் கொடுத்துக் கேளுங்கள். பொருளைத் தொட்டால் ஞாபகம் வரும். காமன் கூத்தில் எந்தக் குடும்பம் எந்த வேசம் கட்டியது, கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்பதிலும் பழைய கதை இருக்கும்.

சில விசயங்களைச் சொல்ல மாட்டார்கள். கடன், இரண்டாம் தாரம், சாதி, ஒப்பந்தத்தில் கப்பலேறிப் பிரிந்து போன உறவு, இதெல்லாம் மனதை நோகச் செய்யும். வற்புறுத்த வேண்டாம். அவர்கள் அனுமதி இல்லாமல் வெளியில் சொல்லவும் வேண்டாம்.

ஏன் இப்போதே?

தோட்டங்கள் கை மாறும் ஒவ்வொரு முறையும் காகிதம் தொலைந்திருக்கிறது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992ல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒரு தோட்டத்தில் ஆபீஸ் அறை மாற்றியபோது பழைய புத்தகங்களை மூட்டையாகக் கட்டி ஸ்டோர் அடுப்புக்கு அனுப்பியதை நாங்களே நின்று பார்த்தோம். ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் எத்தனை குடும்பத்தின் பெயர் எரிந்ததோ! ஆகவேதான் இப்போது எழுதுகிறோம். உங்கள் தோட்டத்தில் பழைய புத்தகங்களை ஒதுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முதலில் துரையிடம் பேசி அனுமதி வாங்குங்கள். தேவையான பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள், அல்லது போனில் படம் எடுங்கள்.

2023ல் மலையக மக்கள் வந்து 200 வருசம் நிறைந்தது என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அந்தக் கிழவியும் வானொலியில் கேட்டு, "எங்க பூட்டன் நடந்த வழியில்லையா" என்றார். அடுத்த மாரியில் அவர் காலமானார். பேரனின் கொப்பியில் 31 பக்கம் எழுதியிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் காட்டில் புதைத்த தம்பியின் பெயரைக் கேட்க வேண்டும் என்று குறித்திருந்தான். கேட்காமலே போய்விட்டது.

செய்து பாருங்கள்

1. ஒரு கொப்பியில் உங்கள் பெயர், அம்மா அப்பா, நான்கு தாத்தா பாட்டிமார் பெயர்களை எழுதுங்கள். தெரியாத இடத்தில் 'தெரியாது' என்று எழுதுங்கள்.
2. ஒவ்வொருவரும் பிறந்த தோட்டம், டிவிசன், லயம், செக்ரோல் நம்பர் தெரிந்தால் எழுதுங்கள்.
3. வீட்டில் உள்ள பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, சேமலாப நிதி அட்டை மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஓய்வு பெறும் வரை காத்திராமல் இப்போதே திருத்துங்கள்.
4. உங்கள் லயத்தில் ஆக மூத்தவர் ஒருவரிடம் இந்தக் கிழமையே ஒரு கேள்வி கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். யார் சொன்னது, எந்தத் திகதி என்றும் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்.