சக்கரம் ஏன் உரசுகிறது?

நம் விடுதி நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்று வாங்கினார். முன்பு அதை வைத்திருந்தவர் அழகு கருதிப் பெரிய டயர்களையும், வேறு ரிம்களையும், குட்டையான சுருள்வில்களையும் பூட்டியிருந்தார். பொங்கலுக்கு ஐவர் அதில் வாரணாசியிலிருந்து மதுரை செல்வதென்று முடிவாயிற்று. ஆனால், ஸ்டியரிங்கை முழுதும் திருப்பினால் முன்புறம் 'கர்ர்' என்ற ஓசை. பின்னிருக்கையில் மூவர் அமர்ந்து பள்ளத்தில் இறங்கினால் பின்புறமும் அதே ஓசை. பௌதிகம் பயில்பவன் என்பதால் என்னிடம் காரணம் கேட்டனர். நமக்கெல்லாம் பயன்படும் செய்தியாதலால், அதை இங்கே விளக்க முற்படுகிறேன்.

சக்கரத்தின்மேல் கவிந்துள்ள உலோகத் தகடு ஃபெண்டர். சேறும் கல்லும் அதில் தெறிக்காதபடி உட்புறம் பொருத்தப்பட்ட பிளாஸ்டிக் உறையே ஃபெண்டர் லைனர். உரசல் பெரும்பாலும் இதில்தான் தொடங்கும்.

டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களைப் பாருங்கள். இக்காருக்குரிய அளவு 185/65 ஆர்15. 185 என்பது மி.மீ. கணக்கில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அதில் 65 விழுக்காடு; அதாவது 120.25 மி.மீ. ரிம்மின் விட்டம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர்களைக் கூட்டினால் முழு விட்டம் 621.5 மி.மீ. காரில் இருந்ததோ 205/65 ஆர்15. அதன் விட்டம் 647.5 மி.மீ. ஆகவே ஆரம் 13 மி.மீ. கூடிவிட்டது. புதிய வில்களால் வண்டியின் உடல் 20 மி.மீ. தாழ்ந்துமிருந்தது. சக்கரத்தின் தலைக்கு மேலிருந்த இடைவெளியில் 33 மி.மீ. பறிபோயிற்று! ஆள் ஏறினால் பின்சக்கரம் உரசாமல் என்ன செய்யும்?

முன்சக்கரத்தின் கதை வேறு. டயரின் அகலம் 20 மி.மீ. கூடியதால் பக்கத்துக்குப் பத்து. ரிம்மின் 'ஆஃப்செட்' 10 மி.மீ. குறைந்ததால் சக்கரமே அந்த அளவு வெளியே தள்ளி நின்றது. எனவே வெளிவிளிம்பு 20 மி.மீ. வெளியேறியது, உள்விளிம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. கதவைத் திறக்கும்போது கீலுக்கு அருகிலுள்ள பகுதி சிறிதே நகர்கிறது. தொலைவிலுள்ள விளிம்போ பெரிய வட்டம் போடுகிறது அல்லவா? அதுபோலவே, திருப்பு அச்சிலிருந்து விலகிய டயர் விளிம்பும் பெரிய வட்டமிட்டு லைனரைத் தொடுகிறது.

உரசும் இடத்தை அறிய எளிய வழி உண்டு. லைனரில் சுண்ணக்கட்டியால் கோடுகள் இட்டு, மெதுவாக ஓட்டி, இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். கோடு அழிந்த இடமே குற்றவாளி. லைனரின் கிளிப்புகள் கழன்றுள்ளனவா என்று முதலில் பாருங்கள். சில வேளை நோய் அவ்வளவே. உரசல் மிகச் சிறிதாயின், வெப்பக் காற்றால் லைனரை இளக்கிப் பின்னே அழுத்தலாம். அதற்குமுன் பின்னால் மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். ரிம்முக்கும் அச்சுக்கும் இடையே 'ஸ்பேசர்' வைப்பது உட்புறம் உரசினால்தான் உதவும். வெளிப்புறம் உரசினால் தொல்லையைப் பெருக்கும்.

"லைனரைக் கழற்றி எறிந்துவிடுங்கள்" என்றார் ஒரு பட்டறைக்காரர். ஓசை நிற்கலாம், ஆபத்து நிற்காது. அடுத்து டயர் தொடுவது ஃபெண்டரின் கூரிய விளிம்பை. டயரின் பக்கச் சுவர் மெல்லியது. நெடுஞ்சாலை வேகத்தில் அது கிழிந்தால் ஐந்து உயிர்களுக்கும் உத்தரவாதம் இல்லை.

வேகமானியும் பொய் சொல்லும். பழைய விட்டத்துக்கேற்ப அது 60 கி.மீ. காட்டுகையில், உண்மை வேகம் சுமார் 62.5 கி.மீ. மேலும், பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு.

நண்பர் அந்த ரிம்களை விற்றுவிட்டு, உரிய வில், ரிம், டயர் மூன்றையும் பூட்டினார். ஐவரும் ஏறி அமர்ந்து ஓட்டிப் பார்த்தோம், சுண்ணக்கோடு அழியவில்லை. பயணமும் இனிதே நடந்தது.

பெரிய ரிம் வேண்டுவோர் விட்டத்தைப் பெருக்க வேண்டியதில்லை. 195/55 ஆர்16 டயரின் விட்டம் 620.9 மி.மீ.; பழையதற்கு ஒரு மி.மீ. கூட வேறுபாடில்லை. ஆஃப்செட்டும் சுமைக் குறியீடும் பொருந்துகின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகுமுன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிடுங்கள். ஐந்து நிமிடம் போதும்.